எந்த மேசையில் நின்றது?

நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக எழுத்தராகப் பணியாற்றி வருகின்றோம். ஒரு கோப்பு தாமதப்பட்டது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால், யாம் முதலில் பார்ப்பது அக்கோப்பின் நடமாட்டப் பதிவேட்டைத்தான். எந்த நாளில் எந்த மேசைக்குச் சென்றது, எந்த நாளில் அங்கிருந்து புறப்பட்டது என்னும் இரண்டு குறிப்புகளுக்கும் இடையே எங்கு வெற்றிடம் மிகுதியோ, அங்குதான் விளக்கம் கேட்கப்படும். இப்போது கோப்புகள் தாளில் செல்லாமல் மின்வழியே செல்கின்றன. எனினும் முறை மாறவில்லை. பகலெல்லாம் இம்முறையைக் கையாண்டுவிட்டு, மாலையில் வீட்டு வாயிலிலேயே அதனைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்ட கதையை இம்மலருக்கு எழுதத் துணிந்தோம். இலக்கியக் கட்டுரைகளின் நடுவே கணிப்பொறிக்கு என்ன வேலை என்று எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதில் எம் அன்னையாரும் வருகின்றார்.

எம் இல்லம் மர்பி டவுனில் உள்ளது. முன்னர் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இப்பகுதி, பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரை ஏற்றது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிய காலந்தொட்டு, படையோடும் படைக்குப் பண்டம் விற்றவரோடும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் அல்சூரைச் சுற்றிலும் பல. எம் குடும்பம் அத்துணைப் பழமையுடையது அன்று. எம் தந்தையார் வேலை தேடி வந்தவர். எம் அன்னையார் 1971-ஆம் ஆண்டில் வாணியம்பாடியிலிருந்து மணமகளாக வந்து கண்டோன்மெண்டு இரயில் நிலையத்தில் இறங்கியவர். ஒடுங்கிய தெருவில் இரண்டு அறைகளே உள்ள இல்லம். இரண்டாவது அறையின் சன்னலோரத்தில், முன்பு தையல் எந்திரம் இருந்த இடத்தில், இப்போது கணிப்பொறி இருக்கின்றது.

அது கடையில் முழுதாக வாங்கப்பட்டதன்று. எம் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்த 2024-ஆம் ஆண்டுக் கோடையில், தன் கையாலேயே அதனைப் பூட்டினான். இருவரும் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, எஸ்.பி. ரோடு என்று ஊரார் சொல்லும் சாதர் பத்ரப்பா சாலைக்கு நடந்து சென்றோம். அங்கே ஒரு கடையில் கேபிள் மட்டும் விற்பார்கள். அடுத்த கடையில் கேபினெட் மட்டும். மாடிப்படியின் அடியில் ஒருவர் ஸ்குரூக்களை மட்டும் டப்பா டப்பாவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கன்னடம், இந்தி, உருது, தமிழ் ஆகிய நான்கும் ஒரே பேரத்தில் கலந்து வரும். ஹார்டு டிஸ்க்கை வன்தட்டு என்பது அகராதி வழக்கு. தமிழ்ப் பற்று மேலிட்டு யாம் அச்சொல்லை ஒரு கடையில் சொல்லிப் பார்த்தோம். கடைக்காரர் எம்மை ஏறிட்டு நோக்கி, தட்டுகள் எல்லாம் பாத்திரக் கடையில் கிடைக்கும் என்று மிக மரியாதையாகக் கூறினார்.

ஹார்டு டிஸ்க் வேண்டா, எஸ்.எஸ்.டி. போதும் என்று மகன் தீர்மானித்திருந்தான். முன்னதனுள் காந்தத் தகடுகள் நிமிடத்திற்கு 7200 முறை என்னும் வேகத்தில் சுழலும்; பின்னதில் சுழல்வது ஒன்றும் இல்லை, எல்லாம் சில்லுகள். பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து, உடம்பில் தங்கிய மின்னேற்றம் நீங்கச் சன்னல் கம்பியை அடிக்கடி தொட்டுக்கொண்டு, இரண்டு நாள் அவன் பாடுபட்டான். மூன்றாம் நாள் மாலை பொத்தானை அழுத்தியதும், 16 வினாடிகளில் திரை விரிந்தது. எம் துணைவியார் அதற்குக் குங்குமம் இட்டார். “அப்பா, நான் இல்லாதபோது இதைத் திறந்து எதையும் மாட்டாதீர்கள், எதுவானாலும் சேர்ந்தே செய்வோம்” என்று மகன் கேட்டுக்கொண்டான். யாமும் வாக்களித்தோம்.

வாக்கு ஒன்றரை ஆண்டுக்காலம் நிலைத்தது.

எம்மிடம் 2012-ஆம் ஆண்டில் வாங்கிய பழைய கணிப்பொறி ஒன்றும் இருந்தது. அதில் ஓடிய விண்டோஸ் 10 முறைமைக்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த முறைமையை ஏற்கும் தகுதி அதற்கு இல்லை. ஆதலின் அதனைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடத் தீர்மானித்தோம். ஆனால் அதனுள் இருந்த ஹார்டு டிஸ்க்கை விட மனமில்லை. 2013-ஆம் ஆண்டில், எம் அன்னையாரைத் திண்ணையில் உட்காரவைத்து, பழைய நாள்களைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தோம். மொத்தம் பதினொரு பதிவுகள். 2019-இல் அவர் மறைந்தார். அவருடைய குரல் இவ்வுலகில் தங்கியிருந்தது அந்த ஒரு டிஸ்க்கில்தான். வேறிடத்தில் படி எடுத்து வைக்க வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டே இருந்தோம். அலுவலகத்தில் நிலுவைக் கோப்புகளின் மாதப் பட்டியலைத் தயாரிப்பவர் யாமே என்பதையும் இங்குச் சொல்லிவிடுகின்றோம்.

அக்டோபர் இறுதியில் மகன் பத்து நாள் என்.சி.சி. முகாமுக்குச் சென்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய ஸ்குரூ டிரைவரையே எடுத்து, பழைய பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, புதிய கேபினெட்டின் கீழறையில் பொருத்தி, சாட்டா கேபிளையும் மின்கேபிளையும் செருகினோம். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்ற எமக்கு அன்று ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சமன்று. கணிப்பொறி உடனே டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. அன்றிரவு அன்னையாரின் குரலைக் கேட்டுவிட்டு உறங்கினோம். படி எடுக்கவில்லை; இனி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தோன்றிற்று.

நான்கைந்து நாள் கழித்துத் தொடக்கம் சற்றே சுணங்கிற்று. 16 வினாடி அரை நிமிடமாயிற்று. பின்னர் ஒரு நிமிடம். மகன் முகாமிலிருந்து திரும்பிய வாரத்தில் இரண்டரை நிமிடத்தைத் தொட்டது. டிஸ்க் பொருத்திய அன்றே சுணங்கியிருந்தால் இரண்டையும் இணைத்துப் பார்த்திருப்போம். இடையே சில நாள் நன்றாக ஓடியதுதான் எம்மைக் கெடுத்தது.

அந்த ஞாயிறன்று எம் மைத்துனர் வந்திருந்தார். அவர்தம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டிக் கணிப்பொறியை இயக்கினோம். திரை கருமையாகவே நின்றது. காப்பி வந்து, குடித்து, தம்ளர் உள்ளே சென்றும் அது விழிக்கவில்லை. “கடையில் முழுதாக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வருமா?” என்றார் அவர். அச்சொல் எம்மைச் சுட்டது. உடனே மகனை அழைத்து, மலிவான உறுப்புகளைப் பொறுக்கி வந்து மாட்டியிருக்கின்றாய் என்று மைத்துனர் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். அவன் எம்மை நோக்கி, “நான் இல்லாதபோது எதையாவது மாற்றினீர்களா, அப்பா?” என்று மட்டும் கேட்டான். “இல்லை” என்றோம்.

அச்சொல் ஏன் எம் வாயில் வந்தது என்பதற்கு இன்றும் நேரான விடை எம்மிடம் இல்லை. டிஸ்க் நன்றாகத்தானே ஓடுகின்றது, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணியதும் உண்மை. கொடுத்த வாக்கை மீறியதை மைத்துனர் முன் ஒப்புக்கொள்ள நாணியதும் உண்மை. அன்றிலிருந்து மகன் அந்தக் கணிப்பொறியைத் தொடவில்லை. தேர்வுப் பாடங்களைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொண்டான். “பிள்ளையை இப்படி வாட்டாதீர்கள்” என்று எம் துணைவியார் இரண்டு முறை சொன்னார்.

பின்னர் யாமே மருத்துவம் பார்க்கப் புகுந்தோம். வைரஸ் இருக்கும் என்று ஓர் இரவு முழுதும் சோதனை ஓட்டினோம், ஒன்றும் அகப்படவில்லை. கணிப்பொறி விழிக்கும்போது தாமும் உடன் விழித்துக்கொள்ளும் செயலிகள் சில உண்டு. டாஸ்க் மேனேஜரில் அவற்றின் பட்டியலைக் கண்டு ஏழெட்டுச் செயலிகளை நிறுத்தினோம். பயன் இல்லை. மதர்போர்டில் சிறு நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் தொல்லை வரும் என்று அலுவலக நண்பர் சொன்னார். அது தீர்ந்தால் கடிகாரம் பிழையாகக் காட்ட வேண்டும். எம் கணிப்பொறியில் கடிகாரம் சரியாகவே இருந்தது. இருந்தும் பாட்டரி வாங்கி வைத்தோம்.

இதனிடையே அளவிலும் ஒரு குழப்பம். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முறைமை முழுதும் அணைவதில்லை. தன் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, அடுத்த முறை விரைந்து எழ முயலும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். பெயரைக் கொண்டு பார்த்தால் நேர்மாறாக அன்றோ இருக்க வேண்டும்! இந்த வேறுபாடு அறியாமல் ஒருநாள் ஒருவகையாகவும் மறுநாள் மற்றொரு வகையாகவும் இயக்கிவிட்டு, நேற்றைக்கு இன்று தேவலாம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

இறுதியில் கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றிப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். மகன் வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் ரேம் போதாது என்று சொல்லி இன்னொன்று மாட்டினார். புதிய ரேமை மதர்போர்டு அளந்து பழகும் வரை முதல் தொடக்கம் நீளும் என்றார். அது மெய்தான், டி.டி.ஆர்.5 என்னும் புதுவகையில் அது சில நிமிடங்கள் வரை போவதும் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்த பின் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே இரண்டரை நிமிடந்தான். ரேம் விலை ஏறியிருந்த காலம் அது. செலவை இங்கு எழுதவில்லை, எம் துணைவியாரும் இம்மலரைப் படிப்பார்.

எம் தெருவில் ஐ.டி.ஐ. என்னும் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கின்றார், எண்பதை நெருங்குபவர். 1948-இல் தூரவாணி நகரில் தொடங்கிய அத்தொழிற்சாலையில், இப்பகுதித் தமிழர் பலர் வேலை பார்த்தனர். கணிப்பொறியை அவர் அதிகம் அறியார். ஆயினும் யாம் படும் பாட்டைக் கேட்டு ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். மகனையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார்.

“தம்பி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்கிறாயே ஒழிய, எங்கே ஆகிறது என்று சொல்லவில்லையே?” என்றார்.

யாம் விழித்தோம். அவர் தாம் வேலை பார்த்த ஸ்ட்ரோஜர் தொலைபேசி நிலையத்தின் அமைப்பை விளக்கினார். ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர் 1891-இல் காப்புரிமை பெற்ற பொறி அது. அவர் சவ அடக்கத் தொழில் செய்தவர்; இணைப்புத் தரும் பெண்மணி தமக்கு வரும் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றார் என்னும் ஐயத்தால், ஆளில்லாமல் இணைக்கும் பொறியைக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அந்நிலையத்தில், ஒவ்வோர் எண்ணைச் சுழற்றும்போதும் ஒரு தேர்வி மேலேறி, பின் பக்கவாட்டில் திரும்பி, அடுத்த தேர்விக்கு வழிவிடும். அழைப்பு சிக்கிக்கொண்டால் பொறியாளர் எல்லாவற்றையும் கழற்றமாட்டார். வரிசையாகச் சென்று, எந்தத் தேர்வியின் கை பாதியில் நிற்கின்றது என்று பார்ப்பார். “எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால், ஏன் நிற்கிறது என்பது அரைமணி வேலை” என்றார் பெரியவர்.

எம் காதில் நடமாட்டப் பதிவேடு, நடமாட்டப் பதிவேடு என்று யாரோ சொல்வது போலிருந்தது.

மகன் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டான். பொத்தானை அழுத்துவது முதற்படி. மின்சாரம் நிலைபெற்றதும் மதர்போர்டிலுள்ள ஒரு சில்லில் பதிந்துள்ள நிரல் விழித்து, ரேமையும் மற்ற உறுப்புகளையும் ஒவ்வொன்றாக “இருக்கின்றாயா?” என்று கேட்கும், பழக்கத்தால் அதனைப் பயாஸ் என்கின்றோம், இன்றைய வடிவுக்கு யூ.இ.எஃப்.ஐ. என்று பெயர். அதன் பிறகே அது விண்டோஸின் கையில் பொறுப்பை ஒப்படைக்கும். விண்டோஸ் தன் கருவையும் சாதனங்களுக்கான நிரல்களையும் ஏற்றி, நுழைவுத் திரையைக் காட்டும். நுழைந்த பிறகே யாம் நிறுத்தினோமே, அச்செயலிகளின் முறை வரும். பெரியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டார். ரீஸ்டார்ட் கொடுத்து மூன்று முறை அளந்தார்கள்.

கணக்கு இதுதான்: விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னரே எழுபது வினாடிக்கு மேல் கழிந்தது. விண்டோஸ் தொடங்கிய பின் நுழைவுத் திரைக்கு மேலும் ஒரு நிமிடம். நுழைந்த பின் ஆன தாமதம் பத்து வினாடி கூட இல்லை. யாம் ஒரு வாரம் போராடியது அந்தப் பத்து வினாடியோடு!

மகன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, யாம் செயலிகளை நிறுத்திய அதே பக்கத்தின் வலப்புற மேல்மூலையைச் சுட்டினான். ‘கடைசி பயாஸ் நேரம் 71 வினாடி’ என்னும் பொருள்பட ஒரு வரி அங்கே இருந்தது. அந்தப் பக்கத்தை யாம் இருபது முறையேனும் பார்த்திருப்போம். கோப்பின் மேல்மூலையில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் குறிப்பு எழுதும் எழுத்தரை எம் அலுவலகத்தில் யாம் எப்படி நோக்குவோம் என்பது எமக்குத் தெரியும்.

பெரியவர் மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்தச் சொல்லி, கேபினெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “உள்ளே ஏதோ கிட்டு, கிட்டு என்கிறது. சுழலப் பார்க்கிறது, நிற்கிறது, மறுபடி சுழலப் பார்க்கிறது” என்றார்.

“விசிறியாக இருக்கும், தாத்தா. இதில் ஹார்டு டிஸ்க் இல்லை” என்றான் மகன்.

“விசிறி கிட்டு கிட்டு என்று சொல்லாதப்பா.”

அறையில் அந்த ஓசை எமக்கும் கேட்டது. முன்னரும் கேட்டிருக்கின்றோம், சன்னலுக்கு வெளியே என்று எண்ணியிருந்தோம். “இருக்கின்றது” என்றோம். அக்டோபரில் யாம் செய்ததையும், மைத்துனர் முன்னிலையில் இல்லை என்று சொன்னதையும் அங்கேயே சொல்லி முடித்தோம். பெரியவர் தம் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வதில் முனைந்திருந்தார். மகன் எம்மைப் பார்க்கவில்லை. எழுந்து சென்று ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்தான். இணைப்பைத் துண்டித்து, சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, கீழறையிலிருந்த டிஸ்க்கின் இரு கேபிள்களையும் உருவினான். பொத்தானை அழுத்தினான். 16 வினாடி.

ஏன் அப்படி என்பதும் பின்னர் விளங்கிற்று. முறைமை இருப்பது எஸ்.எஸ்.டி.யில், பழைய டிஸ்க்கோ ஒரு மூலையில் சும்மா இருப்பது. ஆயினும் பயாஸ் கேட்கும்போது அதுவும் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல அது முதலில் தகடுகளைச் சுழற்றி, தன்னைப் பற்றிய குறிப்புகளை அத்தகடுகளிலிருந்தே படித்தாக வேண்டும். அதில் தடுமாறும் முதிய டிஸ்க்குக்காக மதர்போர்டு குறித்த காலம் வரை காத்திருக்கும். பின் தட்டி எழுப்பி மறுபடியும் கேட்கும். விண்டோஸும் அவ்வாறே. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தபோது, ‘153’ என்னும் எண்ணிட்ட எச்சரிக்கை பக்கம் பக்கமாக இருந்தது. படிக்க முயன்றது பயனளிக்காமல் மீண்டும் முயல்வதாக அதன் பொருள். நவம்பர் முழுதும் நாள்தோறும் எழுதி வைத்திருக்கின்றது. படிப்பார்தாம் இல்லை.

பழுது கேபிளில் இருக்குமோ என்று மகன் முதலில் ஐயுற்றான். பழுது அதுவாயின் மாற்றுவது எளிது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் பட்டியலில், கேபிள் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் வரி பூச்சியமாகவே இருந்தது. படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகளை எண்ணும் வரியிலோ ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகை. தகடே தேய்ந்துகொண்டிருந்தது. “இனி இதை ஒவ்வொரு முறை சுழற்றுவதும் செலவு, அப்பா. பாட்டியின் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கக்கூட வேண்டாம். முதலில் படி எடுப்போம்” என்றான். அன்று மாலையில் அவன் எம்மை நோக்கிச் சொன்ன முதல் சொற்கள் அவை.

சாதாரணமாகப் படி எடுத்தால், படிக்க முடியாத இடம் வந்ததும் டிஸ்க் அங்கேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கும். அம்மோதலிலேயே உயிர் போய்விடுவதும் உண்டு. அதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவசச் செயலி இருக்கின்றது. அது எளிதில் வரும் பகுதிகளையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். வராதவற்றை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிச் செல்லும். இறுதியில் திரும்பி வந்து அவற்றை மட்டும் சிறிது சிறிதாக முயலும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணிப்பொறியை எழுப்பி, புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி இணைத்து, மகன் அதனை ஓடவிட்டான். 500 ஜி.பி.யில் பெரும்பகுதி மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டது. எஞ்சிய துளியளவுக்கு இரவு முழுதும், மறுநாள் பகலும் ஆயிற்று. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று இருவரும் மாறி மாறி விழித்திருந்தோம். விடியற்காலையில் அவன் காப்பி போட்டுக் கொண்டுவந்தான். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. 1991-இல் நிறுவப்பட்ட அச்சிலை, 18 ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்ட செய்தியைச் சொன்னோம். தான் பிள்ளையாகத் தவழ்ந்த காலத்தில் பாட்டி தன்னைத் தூக்கிக்கொண்டு போய் அதைக் காட்டினார் என்று அவன் சொன்னான். அது அவனுக்கு நினைவில் இருக்க வழியில்லை. பாட்டி சொல்லிக் கேட்டதாக இருக்க வேண்டும்.

பதினொன்றில் பத்துப் பதிவுகள் முழுமையாக வந்தன. மற்றொன்றில் நான்கு கிலோபைட்டு மட்டும் வரவேயில்லை. பழைய கைப்பேசி பேச்சைப் பதிந்த சுருங்கிய வடிவத்தில் அது ஏறத்தாழ மூன்று வினாடி. அன்னையார் கண்டோன்மெண்டு நிலையத்தில் இறங்கி, குதிரை வண்டியில் வந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நின்ற முதல் நாளைச் சொல்லும் பதிவு அது. மொழி புரியாமல் வரிசையின் கடைசியில் நின்றாராம். அப்போது ஓர் அம்மையார் அவர் கையிலிருந்த குடத்தை வாங்கி முன்னே வைத்து, இனி நீ என் வீட்டுப் பெண் என்றாராம். “அவங்க பேரு” என்கின்றார் அன்னையார். அங்கே மூன்று வினாடி ஓசை இல்லை. பிறகு, “புண்ணியவதி, போய்ச் சேர்ந்துட்டாங்க” என்று வருகின்றது.

அந்தப் பெயரை யாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். எழுதி வைக்கவில்லை. தெருவில் மூத்தவர்களைக் கேட்டுப் பார்த்தோம். குழாயடி இருந்த இடத்தைக் காட்டினார்கள், பெயர் யாருக்கும் வரவில்லை.

பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று எம் மகனின் பொறுப்பில். மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் தம் மகளுக்கு ஒரு கணிப்பொறி பூட்டித் தர மகனை அழைத்திருக்கின்றார். வருகிற சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போகின்றார்கள். பழைய டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி, பீரோவில், அன்னையாரின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றோம். அதன்மேல் மகன் ஒரு சீட்டு ஒட்டி, நாளிட்டு எழுதியிருக்கின்றான்: “இதை எதிலும் மாட்ட வேண்டாம், அப்பா.”